கைபேசியில் களையெடுப்பு: ஒரே படத்தின் பல பிரதிகள்

கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் முளைத்த சில வாரங்களில் களையெடுப்பு வந்துவிடும். அவ்வேலையில் கையின் வேகம் இரண்டாவது. களை எது, பயிர் எது என்று கண் பிரித்தறிவதே முதலாவது. சோளத்தின் இளம் பயிரையும் அதை ஒத்த புல்லையும் வேறுபடுத்தத் தெரியாதவரைக் காட்டில் இறக்கினால், மாலையில் களையும் இராது, பயிரும் இராது. இந்த அறிவு இன்று வேறோரிடத்திலும் நமக்கு வேண்டியதாயிருக்கிறது. அங்கத்தினர்களின் கைபேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் முளைத்துக் கிடக்கின்றன. அவற்றுள் ஒரே படம் மூன்றாகவும் ஐந்தாகவும் இருக்கிறது. கைபேசியில் இடமில்லை என்ற அறிவிப்பு வந்ததும் சிலர் கைக்கு வந்தவற்றை அழித்துவிடுகிறார்கள். வேறு சிலர் அஞ்சி எதையுமே அழிப்பதில்லை. இரண்டும் நஷ்டமே. பிரதிகளுள் எதை வைப்பது, எதை நீக்குவது என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

படமும் ஒரு பத்திரமே

முன்னாளில் போட்டோ என்பது கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் உரியதாயிருந்தது. இன்று அது ரசீதைப் போலவும் கணக்குச் சீட்டைப் போலவும் ஒரு பத்திரமாகிவிட்டது. 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆலங்கட்டி மழை, மேகவெடிப்பு முதலிய உள்ளூர்ப் பேரிடரால் ஒருவரது நிலத்தில் சேதம் நேர்ந்தால், 72 மணி நேரத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. 14447 என்ற தொலைபேசி எண்ணிலோ, பயிர்க் காப்பீட்டுச் செயலியிலோ தெரிவிக்கலாம். ஒரு வட்டாரம் முழுவதும் ஏற்படும் மகசூல் குறைவு பயிர் அறுவடைச் சோதனையால் கணிக்கப்படுகிறது. அதற்குத் தனியார் எடுத்த படம் ஆதாரமன்று. ஆனால், தனி நிலத்துச் சேதத்தில், பார்வையிடுவோர் வந்து சேருமுன் நீர் வடிந்துவிடலாம், பயிர் காய்ந்துவிடலாம். சேதம் நேர்ந்த அன்றைய நிலையை எடுத்துச் சொல்லப் படம் துணை நிற்கிறது. 2025ஆம் ஆண்டில் மத்திய அரசு அறிவித்த ‘கிராப்பிக்’ என்னும் முறையோ, ஒரு பயிர்க் காலத்தில் நான்கைந்து தடவை நிலத்திலிருந்தே படமெடுத்துப் பயிரின் நிலையைக் கணிப்பதை நோக்கமாகக் கொண்டது.

நெசவாளர்க்கும் இது பொருந்தும். எட்டயபுரம் போன்ற நெசவூர்களில், தறியில் ஓடும் சேலையின் கரையையும் முந்தியையும் படமெடுத்து வியாபாரிக்கு அனுப்புவது அன்றாட வழக்கமாகிவிட்டது. இந்தப் பூவேலையை முதலில் யார், எப்போது நெய்தது என்ற வழக்கு எழுந்தால், அன்று எடுத்த படத்தையே தேட வேண்டியிருக்கும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பெய்த பெருமழையை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரு நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. இத்தகைய நாட்களில் ஒருவர் எடுக்கும் படம், உறவினர் குழு, ஊர்க் குழு, சங்கக் குழு என்று சுற்றி, எடுத்தவர் கைபேசிக்கே மூன்று நான்கு பிரதிகளாகத் திரும்பி வந்துவிடுகிறது. பார்வைக்கு அனைத்தும் ஒன்றே. ஆயினும் ஆதாரமாக உறுதியுடன் நிற்கக்கூடியது அவற்றுள் முதலில் எடுத்த மூலப்படமே. ஆகவே பிரதிகளை நீக்கும் வேலை என்பது, உண்மையில் மூலத்தைக் காக்கும் வேலையாகும்.

பிரதிகள் பெருகும் விதம்

இந்தியாவில் ஸ்மார்ட்போன் வைத்திருப்போரில் மூவருக்கு ஒருவர், நாள்தோறும் இடமின்றித் தவிக்கிறார் என்று கூகுள் நிறுவனம் கண்டதாக 2018ஆம் ஆண்டில் செய்தி வெளிவந்தது. அதற்கு ஒரு முக்கிய காரணம், பூவும் சூரியனும் வரைந்து ‘காலை வணக்கம்’ கூறும் படங்களே என்றும் அச்செய்தி தெரிவித்தது. வந்தவர் அனுப்ப, அனுப்பியவர்க்கே அது திரும்ப, ஒரு வாழ்த்துப் படம் ஊரெல்லாம் குடியேறிவிடுகிறது.

இது ஒரு வழி. வேறு வழிகளும் உண்டு. படத்தின் ஓரத்தை வெட்டினாலோ, வெளிச்சத்தைக் கூட்டினாலோ பல கைபேசிகள் மூலத்தை அப்படியே வைத்துப் புதிய பிரதி ஒன்றையும் உண்டாக்குகின்றன. திரையில் தெரியும் படத்தை மறுபடியும் ‘ஸ்கிரீன்ஷாட்’ எடுப்பதும் ஒரு பிரதியே. பழைய கைபேசியிலிருந்து புதியதற்கு மாறும்போது, இரண்டு முறைகளில் படங்களை மாற்றினால் யாவும் இரட்டிக்கும். பொத்தானை அழுத்தியவாறே விரல் நின்றுவிட்டால், ஒரு வினாடிக்குள் ஏழெட்டுப் படங்கள் விழும் கைபேசிகளும் உள்ளன.

மூவகை ஒற்றுமை

‘ஒரே மாதிரி’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் மூன்று வகைகள் கலந்து கிடக்கின்றன. இவற்றைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

முதல் வகை, முழு இரட்டை. கோப்பின் உள்ளே உள்ள ஒவ்வோர் எண்ணும் மாறாமல், பெயரும் இருக்குமிடமும் மட்டும் வேறானது. இவற்றுள் எதை வைத்தாலும் குறைவில்லை.

இரண்டாம் வகை, குறுகிய பிரதி. காட்சி அதுவே, ஆனால் அளவு குறைந்து, நுட்பம் மங்கி, உள்ளிருந்த குறிப்புகள் உதிர்ந்து போனது. வாட்ஸ்அப் வழியாகச் சாதாரணமாக வந்தவை இவ்வகையைச் சேர்ந்தவை. இங்கே எதை வைப்பது என்பது முக்கியமான கேள்வி.

மூன்றாம் வகை, ஒத்த படம். இது பிரதியே அன்று. அடுத்தடுத்த இரண்டு புல எண்களில் எடுத்தவை, ஒரே நிலத்தில் பத்து நாள் இடைவெளியில் எடுத்தவை, ஒரே பூவேலையை இரு நிறங்களில் நெய்த சேலைகள் ஆகியன இவ்வகை. கோவில்பட்டி வட்டாரத்துத் தீப்பெட்டி லேபிள்களிலும், முதற்பார்வைக்கு ஒன்று போலத் தோன்றி, எழுத்திலோ நிறத்திலோ மாறுபடுபவை உண்டு. சேகரிப்போர் அவற்றைத் தனித்தனியாகவே வைப்பர். நாமும் அவ்வாறே செய்தல் வேண்டும்.

செயலி எவ்வாறு கண்டறிகிறது?

இரட்டைகளைக் கண்டறியும் செயலிகளுக்குக் கண் கிடையாது. கணக்கு மட்டுமே உண்டு. அந்தக் கணக்கு இருவகைப்படும்.

ஒன்று, முத்திரைக் கணக்கு. கோப்பிலுள்ள எண்கள் யாவற்றையும் ஒரு சூத்திரத்தில் இட்டு, ஒரு நீண்ட முத்திரை எண்ணைப் பெறுவது. இதற்கு ‘ஹாஷ்’ என்று பெயர். இவற்றுள் பெயர் பெற்ற எஸ்.எச்.ஏ. 256 என்பதை அமெரிக்கத் தேசியத் தரநிலை நிறுவனம் 2002இல் தரநிலையாக வெளியிட்டது. படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் முத்திரை முழுவதும் மாறிவிடும். இரண்டு கோப்புகளின் முத்திரை ஒன்றாயிருந்தால், அவை முழு இரட்டை என்று நம்பலாம். முதல் வகையைக் கண்டறிய இது தவறாத முறை. இரண்டாம் வகையை இது காணாது. அளவு குறுகியதும் முத்திரை வேறாகிவிடுகிறதல்லவா?

மற்றொன்று, சாயல் கணக்கு. இதை நெசவாளர் அங்கத்தினர்களுக்கு விளக்குவது எளிது. சேலைக் கரையில் ஒரு பூவை இட வேண்டுமானால், அதைக் கட்டத்தாளில் வரைந்து, பாவிழை மேலெழ வேண்டிய கட்டங்களை நிரப்பி, மற்றவற்றை வெறுமையாக விடுகிறோம். அதைப் பார்த்தே ஜக்கார்டு அட்டையில் துளையிடப்படுகிறது. செயலியும் ஏறத்தாழ இதையே செய்கிறது. எளிய முறை ஒன்றைக் கூறுவோம். படத்தை எட்டு வரிசை, எட்டு நிரல் கொண்ட 64 கட்டங்களாகச் சுருக்குகிறது. நிறங்களை நீக்கிக் கறுப்பு வெளுப்பாக்குகிறது. 64 கட்டங்களின் சராசரி வெளிச்சத்தைக் கணக்கிடுகிறது. அதைவிட வெளிச்சமான கட்டத்துக்கு ஒன்று, இருண்ட கட்டத்துக்குச் சுழி என்று குறிக்கிறது. பிறகு இரு படங்களின் குறிகளையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, எத்தனை கட்டங்கள் மாறுபடுகின்றன என்று எண்ணுகிறது. இரண்டு மூன்றே மாறுபட்டால் ஒரே காட்சி; முப்பதுக்கு மேல் மாறுபட்டால் வேறு காட்சி என்று கருதுகிறது. படம் குறுகினாலும் மங்கினாலும் கட்டங்களின் அமைப்பு பெரும்பாலும் மாறாது. ஆகவே இரண்டாம் வகை அகப்பட்டுவிடுகிறது.

ஆனால் இம்முறையில் ஓர் ஆபத்து உண்டு. நமது கரிசல் காட்டில் எந்தத் திசையில் நின்று படமெடுத்தாலும், மேலே வெளுத்த வானம், கீழே கறுத்த மண். மேற்கட்டங்கள் யாவும் ஒன்று, கீழ்க்கட்டங்கள் யாவும் சுழி! இரண்டு வேறு நிலங்களைச் செயலி ஒரே படம் என்று சொல்லிவிடக் கூடும். மாம்பழ நிறச் சேலையையும் பச்சைச் சேலையையும், பூவேலை ஒன்றாயிருப்பதால், அவ்வாறே மயங்கிவிடக் கூடும். ஆகவே சாயல் கணக்குச் சொல்வதை யோசனையாகக் கொள்ளலாமேயன்றித் தீர்ப்பாகக் கொள்ளலாகாது. தீர்ப்பு, நிலத்தையும் தறியையும் அறிந்தவருடையதே.

மூலத்தின் அடையாளம்

கைபேசி படமெடுக்கும்போது, காட்சியோடு சேர்த்து ஒரு பிறப்புக் குறிப்பையும் கோப்புக்குள் எழுதி வைக்கிறது. எடுத்த தேதி, நேரம், கைபேசியின் வகை ஆகியவை அதில் இருக்கும். கேமராவில் இருப்பிடக் குறிப்பை இயக்கி வைத்திருந்தால், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் இருக்கும். ‘எக்சிஃப்’ எனப்படும் இந்த ஏற்பாட்டை ஜப்பான் மின்னணுத் தொழில் வளர்ச்சிச் சங்கம் 1995இல் வகுத்தது. கைபேசியில் படத்தைத் திறந்து ‘விவரங்கள்’ என்பதைத் தொட்டால் இதைக் காணலாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது இக்குறிப்பு நீங்கிவிடுகிறது. ஆண்ட்ராய்டு கைபேசியில் அவ்வாறு வந்த கோப்பின் பெயரில் ஒரு தேதியும், ‘டபிள்யூ.ஏ.’ என்ற இரு ஆங்கில எழுத்துகளும், ஒரு வரிசை எண்ணும் காணப்படும். அத்தேதி வந்து சேர்ந்த தேதி. படம் எடுத்த தேதியன்று. ஸ்கிரீன்ஷாட்டும் அப்படியே. அது எடுத்த நாளைக் காட்டுமேயன்றி, மழை பெய்த நாளைக் காட்டாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. கைபேசியில் நேரடியாக எடுத்த படம் சாதாரணமாக மூன்று முதல் ஐந்து எம்.பி. அளவுடையது. வாட்ஸ்அப் பிரதி அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கலாம். இடம் போதாதபோது ‘பெரியதை முதலில் நீக்கு’ என்ற வழக்கத்தைக் கைக்கொண்டால், நாம் முதலில் நீக்குவது மூலத்தையே! பார்வைக்குப் படம் இன்னும் கைபேசியில் இருக்கிறது என்ற திருப்தி மட்டும் மிஞ்சும். எனவே விதியைத் தலைகீழாகக் கொள்க: பிரதிகளுள் அளவில் பெரியதும், பிறப்புக் குறிப்பு உள்ளதும் எதுவோ, அதுவே விதை நெல். அதைத் தொடலாகாது.

மூலத்தை அனுப்ப நேர்ந்தால், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாமல் ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்புக. அப்போது கோப்பு குறுகாமல், குறிப்புடன் செல்லும்.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, 2023ஆம் ஆண்டின் பாரதீய சாட்சியச் சட்டம், மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது உடன் வைக்க வேண்டிய சான்றிதழை 63ஆம் பிரிவில் கூறுகிறது. அச்சான்றிதழின் படிவத்தில், மேலே நாம் விளக்கிய ஹாஷ் முத்திரையைக் குறிக்கவும் இடம் வைக்கப்பட்டிருக்கிறது.

ஒரே படத்தை இருமுறை காட்டுவது சந்தேகத்துக்கும் இடமாகும். 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம், மகாத்மா காந்தி ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வருகைப் பதிவுச் செயலியில் நடந்த முறைகேடுகளைப் பட்டியலிட்டு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. தொடர்பில்லாத படங்களை ஏற்றுதல், நேரில் எடுக்காமல் படத்தையே மீண்டும் படம்பிடித்து ஏற்றுதல் முதலியன அதில் கூறப்பட்டன. ஆகையால், இரண்டு புல எண்களுக்கு மறதியாக ஒரே படத்தை இணைத்தால்கூட, நேர்மையான அங்கத்தினரின் விண்ணப்பமும் விளக்கம் கேட்டு நிறுத்தப்படலாம். பிரதிகளை ஒழுங்கு செய்துவைத்தவர்க்கு இக்குழப்பம் நேராது.

களையெடுக்கும் முறை

முதலாவதாக, எதையும் அழிக்குமுன், படங்கள் யாவற்றையும் கம்பி வழியாகக் கணினிக்கோ வெளி வட்டுக்கோ நகலெடுக்க வேண்டும். சிலவற்றைத் திறந்து பார்த்து, தேதிக் குறிப்பு இருக்கிறதா என்றும் சோதிக்க வேண்டும்.

இரண்டாவதாக, வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் சேமிப்பகத்தை நிர்வகிக்கும் பகுதிக்குச் செல்க. பலமுறை முன்னனுப்பப்பட்டவை அங்கே தனியாகக் காட்டப்படும். வாழ்த்துப் படங்களை அங்கிருந்தே நீக்கிவிடலாம். தானாகப் பதிவிறங்குவதை நிறுத்திவைத்தால், களை மீண்டும் முளைப்பது குறையும்.

மூன்றாவதாக, முழு இரட்டைகளை நீக்குக. ஆண்ட்ராய்டு கைபேசியில் ‘ஃபைல்ஸ் பை கூகுள்’ என்ற செயலி அவற்றைத் தொகுத்துக் காட்டும். ஐபோனில், 2022இல் வந்த ஐ.ஓ.எஸ். 16 முதல், இரட்டைகளுக்கென்று ஒரு தொகுப்பு உண்டு. ‘இணை’ என்று கட்டளையிட்டால், தரம் மிகுந்த பிரதியையும் குறிப்புகளையும் வைத்துக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கும்.

நான்காவதாக, குறுகிய பிரதிகள். ‘டிஜிகேம்’, ‘டூப்குரு’ ஆகிய விலையில்லா மென்பொருள்களைக் கணினியில் நிறுவினால், சாயல் ஒத்த படங்களை அவை அருகருகே காட்டும். எத்தனை சதவீத ஒற்றுமை வேண்டும் என்பதை நாமே குறிக்கலாம். முதலில் உயர்ந்த சதவீதத்தில் தொடங்குக. ஒவ்வொரு ஜோடியிலும் அளவையும் தேதியையும் பார்த்த பின்பே நீக்குக. ‘அனைத்தையும் நீக்கு’ என்ற பொத்தானை இவ்விடத்தில் அழுத்தலாகாது.

ஐந்தாவதாக, ஒத்த படங்களுள் நிலம், தேதி, நிறம் வேறான எதையும் நீக்க வேண்டாம். ஒரே நொடியில் விழுந்தவற்றுள் மட்டும் தெளிவான ஒன்றிரண்டை வைத்து மற்றவற்றை நீக்கலாம்.

கூகுள் போட்டோஸ் உபயோகிப்போருக்குத் தனி எச்சரிக்கை ஒன்று. 2021 ஜூன் 1 முதல் அங்கே ஏற்றும் படங்கள், கணக்கு ஒன்றுக்கு இலவசமாக உள்ள 15 ஜி.பி. அளவில் சேர்த்தே கணக்கிடப்படுகின்றன. காப்புப் பிரதி இயங்கும்போது அச்செயலியில் ஒரு படத்தை அழித்தால், கைபேசியிலும் இணையச் சேமிப்பிலும் ஒருங்கே அழியும். கைபேசியில் மட்டும் இடம் வேண்டுமெனில், அதற்குரிய ‘இடத்தைக் காலி செய்’ என்ற வழியையே கையாள வேண்டும். தவறி அழிந்தது குப்பைத் தொட்டியில் காப்புப் பிரதி உள்ளதாயின் 60 நாட்களும், இல்லாததாயின் 30 நாட்களும் இருக்கும். ஆதலால் களையெடுத்த அன்றே தொட்டியைக் கவிழ்த்துவிட வேண்டாம்.

சங்கங்கள் செய்யத்தக்கது

தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்கள் 63,000ஐக் கணினிமயமாக்கும் திட்டத்துக்கு 2022 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கணினி வந்த சங்கங்கள், கடன் கணக்கோடு படக் கணக்கையும் ஒழுங்கு செய்துகொள்ளலாம். தணிக்கையில் ஒரே மூட்டை இரண்டு பக்கங்களில் இருப்பாக எழுதப்பட்டிருந்தால் கணக்கு நேராகாது என்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். படக் களஞ்சியமும் ஓர் இருப்புப் புத்தகமே.

ஆண்டு, பட்டம், கிராமம், புல எண் என்ற வரிசையில் விளைவிப்போர் படங்களுக்குக் கோப்புறைகள் அமைக்கலாம். நெசவுச் சங்கமாயின் ஆண்டு, ரகம், டிசைன் எண், நிறம் என்று அமைக்கலாம். கோப்பின் பெயரிலேயே இவ்விவரங்களை எழுதிவிட்டால், ஒரே படம் மறுமுறை வரும்போது உடனே தெரிந்துவிடும். மூலங்கள் உள்ள கோப்புறையில் எவரும் திருத்தம் செய்யலாகாது. வெட்டவும் வெளிச்சம் கூட்டவும் வேண்டுமானால் வேறு பிரதி எடுத்தே செய்ய வேண்டும். மூலங்களின் இன்னொரு நகலை, அலுவலகக் கணினியல்லாத வேறோரிடத்தில் வைப்பதும் அவசியம். இது வீண் பிரதியன்று; வெள்ளத்துக்கும் தீக்கும் வைத்த காப்பு. வேண்டுமென்றே, இடமறிந்து வைத்த இரண்டாவது நகல் சொத்து. அறியாமல் குவிந்த பத்தாவது நகலே களை.

ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், சிட்டா ஆகியவற்றின் படங்களைக் குழுக்களில் அனுப்புவதைச் சங்கங்கள் தவிர்க்க வேண்டும். நம் கைபேசியில் ஒன்றை அழித்தாலும், பிறர் கைபேசிகளில் உள்ள பிரதிகள் அழிவதில்லை. எண்ணிச் சொல்ல முடியாத பிரதி, தணிக்கைக்கு அகப்படாத பிரதி.

அங்கத்தினர்கள் மாதம் ஒருமுறை, சந்தையில்லாத நாளொன்றில் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் போதும். அடுத்த புரட்டாசிப் பட்டத்தில் விதைப்பு தொடங்குமுன், கேமராவில் இருப்பிடக் குறிப்பை இயக்கி, தம் நிலத்தின் நான்கு மூலைகளிலும் நின்று ஒவ்வொரு படம் எடுத்து, மூலக் கோப்புறையில் சேர்த்துவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.